கோணமானி ஒளித்த பெட்டி

மஸ்கட்
12.06.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெஸி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் அம்மாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கிறது. அதனால்தான் தபால். அவள் கண்ணில் படாமல் படியுங்கள்.

மெர்வின் அண்ணன் உயிரோடு இருக்கிறான் அப்பா. மார்ச் மாதம் வரை இருந்தான் என்பது உறுதி.

நவம்பரில் பங்கு மக்களே கோவிலில் கூடி ஜெபம் சொல்லி அமெரிக்காவுக்கு வழியனுப்பிய பிள்ளை விமானமே ஏறவில்லை, அந்த வேலையே ரத்தாகிவிட்டது என்று ஜனவரியில் தெரிந்த நாளிலிருந்து நானும் தேடாத இடமில்லை. போன வாரம் தற்செயலாக ஒரு துப்புக் கிடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு ஒரு வினோதப் பொழுதுபோக்கு. உலகம் முழுக்க ஆட்கள் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் தேடிப்போகிறார்கள். டப்பாவுக்குள் பெயர் எழுதிவிட்டு வந்து, அதே பக்கத்தில் ‘கிடைத்தது’ என்றோ ‘கிடைக்கவில்லை’ என்றோ குறிப்பு எழுதுகிறார்கள். சிலவற்றில் இடத்தை நேராகச் சொல்வதில்லை. ஒரு புதிரை விடுவித்தால்தான் எண் கிடைக்கும்.

அவர் கணினியில் விளையாட்டாக மதுரை என்று போட்டுப் பார்த்தேன். திருமங்கலம் பக்கம் ஒரே ஒரு புதிர்ப் பெட்டி. ஒளித்தவர் பெயர் ‘கோணமானி’. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மகன் என்று அவனை அப்படித்தானே கூப்பிடுவார்கள்? ஒளித்த தேதி மார்ச் 19. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்துவிட்டேன். அந்தத் தளம் வழியாகவே ‘அண்ணா, நான் ஜெஸி’ என்று எழுதினேன். பதில் இல்லை. மறுநாள் தன் பக்கத்தில் போட்டிருந்த படத்தை எடுத்துவிட்டான். இன்னொரு தடவை நம் பெயரில் தொட்டால் எல்லாவற்றையும் மூடிவிடுவான். பக்கத்தை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள்
ஜெஸி


சேசு மரி சூசை

பழங்காநத்தம், மதுரை
27.06.2004

அன்பு மகள் ஜெஸிக்கு,

அப்பா ஆசீர் கூறி எழுதுவது. உன் கடிதமும் அச்சுத் தாள்களும் வந்தன. என் முழங்கால் நடக்கும் அளவுக்கு இருக்கிறது. அம்மாவுக்குக் கொஞ்சம் இரத்தக் குறைவு என்று டாக்டர் சொல்கிறார். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

பூசைக்குப் போவதாகச் சொல்லி, கோவில் பின்வரிசையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். உயிரோடு இருக்கிறான் என்ற வரியைத் தாண்ட வெகுநேரம் ஆயிற்று. பிறகு அந்தத் தேதி கண்ணில் பட்டது. மார்ச் 19, சூசையப்பர் திருநாள். உன் அம்மாவின் நாமத் திருநாள். அன்று அவள் இரண்டு இலை போட்டு, ஒன்றை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே நாளில் அவன் திருமங்கலம் வரை வந்திருக்கிறான். நம் வாசலைத் தாண்டித்தான் அந்தப் பஸ் போகிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

புதிர் ஒரு மாயச் சதுரம். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும். ஆறு கட்டங்கள் காலி. அவற்றின் கடைசி இலக்கங்கள்தான் இடத்தின் எண்ணில் விடுபட்டவை. இதை விடுவிக்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதி சொல்லப் பயமாக இருக்கிறது. ஓய்வு பெற்றபின் கூட்டலிலேயே தவறுகிறேன். மூன்று விதமாகச் செய்து மூன்றும் ஒத்துவந்தால்தான் நம்புவேன்.

அந்தப் பெட்டிக்குள் அவன் இருக்கும் ஊராவது தெரியுமா அம்மா?

அன்புடன்
அப்பா


மஸ்கட்
11.07.2004

அன்புள்ள அப்பா,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. டாக்டரைக் கேட்டேன். வழக்கமாக ஒரு சின்ன ஏடு, பென்சில், பிள்ளைகள் மாற்றிக்கொள்ளச் சில்லறைப் பொருள்கள் இருக்குமாம். ஆனால் யாராவது பக்கத்தில் குறிப்பு எழுதினால், ஒளித்தவனுக்கு உடனே தகவல் போய்விடுமாம். அவன் படிப்பான். அதுதான் நமக்கு இருக்கும் ஒரே தந்திக் கம்பி.

தேடுகிறவர்கள் செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் கைக்கருவி வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து அனுப்பலாம் என்றால் கஸ்டம்ஸில் பிடித்துவைப்பார்கள் என்கிறார்கள். உங்களால் அது இல்லாமல் முடியுமா?

போனில் அம்மா இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ‘அசதியா இருக்குடி’ என்றாள். வெறும் இரத்தக் குறைவுதானா?

ஜெஸி


சேசு மரி சூசை

பழங்காநத்தம்
02.08.2004

அன்பு ஜெஸிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே காற்று அதிகம், மழை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

சதுரம் முடிந்தது. மூன்று விதமாகச் செய்தும் ஒரே விடை. அட்சரேகையில் 417, தீர்க்கரேகையில் 205. பள்ளியின் பூகோள அறையில் பழைய நில வரைபடம் ஒன்று இருந்தது. தலைமையாசிரியரிடம், பங்கு இளைஞர்களுக்கு வகுப்பு எடுக்கவேண்டும் என்று சொல்லி வாங்கிவந்தேன். சொல்லும்போது நாக்குக் குழறியது. அளவுகோல் வைத்துப் புள்ளி குறித்தேன். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் வடகிழக்குச் சரிவு.

வியாழக்கிழமை போனேன். திசைகாட்டியும் அளவு நாடாவும் குடையும் எடுத்துப்போனேன். வேலிக்கருவை, பாறை, ஆட்டுப் புழுக்கை. புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கல்லைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. ஆடு மேய்க்கும் முனியாயி என்ற அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“என்னய்யா தேடுறீக? தாலிய கீலியத் தொலைச்சிட்டீகளா?”

“இல்லம்மா, சும்மா பாக்குறேன்.”

“சும்மா பாக்குற ஆளு நாடாவப் புடிச்சா பாப்பாக? இது பொறம்போக்குய்யா. பிளாட்டு கிளாட்டுப் போட வந்தீகன்னா எங்காளுக காலை ஒடிச்சிருவாக, ஆமா.”

திரும்பி வந்துவிட்டேன். கணக்கு சரி. ஆனால் பெட்டி இல்லை. ஆகவே கணக்கு சரியில்லை. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

அப்பா


மஸ்கட்
16.08.2004

அப்பா,

நான் நர்ஸ். எட்டு வருடமாக, ‘அம்மா நன்றாக இருக்கிறாள்’ என்று சொல்லும் மகன்களையும் புருஷன்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரி தனியாக, கடைசியில், ஒரு காரணமும் இல்லாமல் நிற்கிறது.

என்ன டெஸ்ட் எடுத்தார்கள்? என்ன வந்தது? எனக்கு எழுதுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெஸி


சேசு மரி சூசை

பழங்காநத்தம்
14.09.2004

அன்பு மகள் ஜெஸிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஜூன் மாதமே தெரியும். எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் அவர் கைக்கு அடங்காது என்கிறார். பிரச்சினை டாக்டர் அல்ல, அம்மா. ஆஸ்பத்திரியில் படுக்கையை ஒதுக்கி வைத்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். இவள் போகமாட்டேன் என்கிறாள்.

“மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பேன்னு என்ன நிச்சயம்? மெர்வின் கொரலைக் கேக்காம நான் அந்த மேசையில ஏற மாட்டேன். ஏங்க, ஒரு போனு. அம்புட்டுத்தான் கேக்குறேன். உங்களால அதுகூட முடியலையா?”

முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். அவரையும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அனுப்பிவிட்டாள். கஞ்சி மட்டும் குடிக்கிறாள். உன் சித்தி வந்து கூட இருக்கிறாள்.

கரட்டுக்கு இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை ஊர் ஆட்கள் நாலுபேர் சுற்றிக்கொண்டார்கள். புதையல் எடுக்க வந்த மந்திரவாதி என்று முனியாயி சொல்லியிருக்கிறாள். பையைக் கொட்டச் சொன்னார்கள். திசைகாட்டி, வரைபடம், ஜெபமாலை, ரொட்டிப் பொட்டலம். ஒருவன் ஜெபமாலையைத் தூக்கிக்காட்டி, “இது எந்த ஊரு தாயத்துய்யா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மகனைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன் ஜெஸி. வேறு பொய் வாயில் வரவில்லை. அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். “கல்லுக்கடியிலயா தேடுறீக?” என்று முனியாயி மட்டும் மெதுவாகக் கேட்டாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். தண்ணீர் கொடுத்தாள்.

இனி ஒளிந்து பயனில்லை. அந்தப் பக்கத்தில் ‘அம்மா சாகக் கிடக்கிறாள், வா’ என்று எழுதிவிடவா? உன் சம்மதம் வேண்டும். என் புத்தியை நான் நம்பவில்லை.

அப்பா


மஸ்கட்
24.09.2004

அப்பா, எழுதாதீர்கள். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி கூரியரில் அனுப்புகிறேன். நீங்கள் அம்மாவின் நோயை மறைத்த மாதிரி நானும் ஒன்றை மறைத்தேன். பிப்ரவரியில் சென்னையில் அவனோடு தங்கியிருந்த பையனைப் பிடித்துப் பேசினேன். அறையைக் காலி செய்யும்போது அண்ணன் தன் சட்டை, புத்தகம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொடுத்துவிட்டானாம். ‘ஊரே மாலை போட்டு அனுப்புச்சு. எங்கம்மா அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே. இது தெரிஞ்சு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நான் இருக்கமாட்டேன்டா’ என்றானாம். பொருளைக் கொடுத்துவிட்டு அப்படிப் பேசுகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் நோயை எங்கோ ஒரு லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்து அவன் படிக்கக்கூடாது. சொல்லும்போது யாராவது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. லீவு கேட்டிருக்கிறேன், டிசம்பருக்கு முன் இல்லை என்கிறார்கள். டிசம்பர் வரை அம்மா தாங்குவாளா?

ஜெஸி


சேசு மரி சூசை

பழங்காநத்தம்
20.10.2004

அன்பு ஜெஸிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. கால் வீங்குகிறது.

நீ எழுதியதைப் படித்தபின் சில நாட்கள் ஒன்றும் செய்ய ஓடவில்லை. பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆரப்பாளையத்தில் வெள்ளைத்துரை என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். நம் பங்கு ஆட்கள் வராத இடம். அந்த விளையாட்டின் விதிகள் முழுவதையும் அச்செடுத்துத் தரச் சொன்னேன்.

“சார், இதையெல்லாம் எவனும் படிக்க மாட்டான். கீழ ‘ஒத்துக்கிறேன்’னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிட்டுப் போயிருவாங்கெ” என்றார்.

நான் படித்தேன். ‘கிடைத்தது’ என்று எழுதினால் ஒளித்தவன் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ‘கிடைக்கவில்லை’ என்ற குறிப்பு வந்தால், பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. தொடர்ந்து வந்தால் நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தையே நீக்கிவிடுவார்கள்.

நான் போய் வந்த மூன்று முறையும் கிடைக்கவில்லை. அதை எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தேன். தோற்றதை எதற்கு எழுதுவது என்று. மறுநாள் வெள்ளைத்துரை பெயரிலேயே கணக்குத் தொடங்கி எழுதினேன். ஆங்கிலம் என்னுடையது, தட்டியது அவர். எந்தப் புள்ளியில், எப்படி அளந்து, எங்கெங்கே தேடினேன் என்று ஒன்றும் விடாமல். “என்ன சார், பத்தாம் கிளாஸ் பரீட்சை மாதிரி நோக்கம், செய்முறை, முடிவுன்னு போட்டிருக்கீக?” என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் பதில் இருந்தது. ஜெஸி, உன் அண்ணன் எழுதிய பதில். பத்து மாதம் கழித்து அவன் எழுத்து. அந்நியனுக்கு எழுதியது. தமிழில் தருகிறேன்:

‘அன்புள்ள வெள்ளைத்துரை, இவ்வளவு சிரமப்பட்டதற்கு நன்றி. அட்சரேகையில் 50.417 என்பது ஐம்பது நிமிடம், நாற்பத்தொன்று புள்ளி ஏழு வினாடி அல்ல. புள்ளிக்குப் பின் இருப்பது நிமிடத்தின் தசமப் பகுதி. அறுபதால் பெருக்குங்கள், இருபத்தைந்து வினாடி வரும். மற்றதும் அப்படியே. நீங்கள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தேடியிருக்கிறீர்கள். தென்மேற்கே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகளின் இடுக்கில் பாருங்கள். வெயிலில் போகாதீர்கள்.’

நாற்பது வருடம் தசமம் நடத்தியவன் நான். கோணம் என்றால் பாகை, நிமிடம், வினாடி என்று பழகிய கை. புள்ளியைப் பார்த்ததும் தானாக வினாடி என்று வாசித்துவிட்டது. மூன்று முறை சரிபார்த்தேனே, மூன்று முறையும் அதே தவறைத்தான் சரிபார்த்தேன். வெள்ளைத்துரையின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் போய் எடுத்தேன். எவர்சில்வர் டப்பா. மூடியில் சூ.இ. என்று அம்மாவின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. நவம்பரில் முறுக்கு வைத்துக் கொடுத்தது. உள்ளே ஒருவரும் எழுதாத ஏடு, பென்சில், நாலு கோலிக்குண்டு. ஊர் இல்லை, முகவரி இல்லை. நீ சொன்னபடி வெறும் சில்லறைதான். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இருந்தபடியே இடுக்கில் வைத்தேன்.

பெட்டி கிடைத்தது. நாளை வெள்ளைத்துரையிடம் போகிறேன். அங்கே என்ன எழுதப்போகிறேன் என்பதை உனக்கு எழுதக் கை கூசுகிறது. அது பாவமா என்று சாமியாரைக் கேட்கவும் துணிச்சல் இல்லை.

அப்பா


மஸ்கட்
30.10.2004

அப்பா,

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத்துரையின் இரண்டாவது குறிப்பு. ‘சொன்ன இடத்திலும் தேடினேன். கிடைக்கவில்லை. பெட்டி காணாமல் போயிருக்கலாம். தயவுசெய்து நேரில் வந்து பாருங்கள்.’

அதைப் பாவம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

அவன் பதில் எழுதவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு கணினியில் தினம் பார்க்கிறான் என்று மட்டும் தெரிகிறது. கடைசியாக வந்த தேதியைத் தளம் காட்டுகிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? காலையில் போன் செய்தால் சித்திதான் எடுக்கிறாள். ‘அத்தான் விடிஞ்சதும் திருமங்கலம் பஸ் ஏறிர்றாரு, என்னன்னு கேட்டா குடையைப் பாக்குறாரு’ என்கிறாள். மழையில் நனையாதீர்கள்.

ஜெஸி


சேசு மரி சூசை

ஆஸ்பத்திரி வராண்டா, மதுரை
16.11.2004

அன்பு மகள் ஜெஸிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அடைமழை.

தினமும் போய் அந்தப் பாறைகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். முனியாயி சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பாள். “இன்னைக்கும் வல்லையா ஒம்மகன்? நானா இருந்தா இம்புட்டு நேரம் எந்தப் புருசனுக்கும் காத்திருக்க மாட்டேன்” என்பாள். அவள் பேச்சு இல்லாவிட்டால் நான் இரண்டாம் நாளே எழுந்து போயிருப்பேன். வருவான் என்று நான் நம்பவில்லை ஜெஸி. என் யோசனை எதுவும் பலித்து எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மழை விட்ட நேரம். கீழே இருந்து ஒருவன் ஏறி வந்தான். தாடி. நான் தைக்கக் கொடுத்து வாங்கித் தந்த கோடு போட்ட சட்டை, அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை போல, இளைத்த தோளில் தொங்கியது. நேராக இடுக்குக்குப் போனான், குனிந்தான், டப்பாவை எடுத்தான். திறந்து பார்க்கவில்லை. திரும்பாமலே பேசினான்.

“பெட்டி இங்கதான இருக்கு? எழுபது வயசுல பொய் எழுதப் பழகிட்டீங்களாப்பா?”

நான் குடையை மடக்கினேன்.

“மொத குறிப்புலயே தெரியும். நோக்கம், செய்முறைன்னு தலைப்புப் போட்டு வேற எவன் எழுதுவான்? ரெண்டாவதுல செய்முறையே இல்ல. எங்க தேடுனீங்கன்னு ஒரு வரி இல்ல. தேடாம நீங்க இல்லைன்னு எழுதமாட்டீங்களே. அப்ப என்னமோ ஆகிப்போச்சுன்னு தோணுச்சு.”

“தெரிஞ்சுமாடா வந்தே?”

“கோயம்புத்தூர்ல பஸ் ஏறி மூணு தடவை எறங்கிட்டேன்ப்பா.”

நான் எழுந்து போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நீ சொன்னபடி, பிடித்துக்கொண்டுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். உதறப் பார்த்தான். என் பலம் உனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. இருவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். முனியாயி ஓடிவந்து, “ஏய், பெத்த தகப்பனப் புடிச்சுத் தள்ளுறியா? நாசமாப் போறவனே” என்று கம்பை ஓங்கினாள். அப்போதுதான் அவன் அழுதான்.

வீட்டில் நடந்ததை விரிவாக எழுதத் தெரியவில்லை. “அம்மா” என்றான், வாசலில் நின்றபடி. அவள் சுவர்ப்பக்கமிருந்து திரும்பவே இல்லை. “இன்னொரு தடவை கூப்புடு” என்றாள். கூப்பிட்டான். “சாப்பிட்டியா?” என்றாள். இல்லை என்றான். “ஏங்க, அவனுக்கு ரெண்டு தோசை சுடச் சொல்லுங்க. அப்புறம் டாக்டருக்குப் போனைப் போடுங்க” என்றாள். அமெரிக்கா என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை.

இன்று காலை உள்ளே கொண்டுபோனார்கள். தாமதித்துவிட்டோம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மேசை வரை அவன் பேசிக்கொண்டே வரவேண்டும் என்று அம்மா கட்டளை. என்ன பேசுவது என்று தெரியாமல், வழியில் இருந்த அறைகளின் பலகைகளை எல்லாம் வரிசையாகப் படித்துக்கொண்டே போனான். கதவு சாத்திய பிறகும் வெளியே நின்று கொஞ்ச நேரம் படித்தான்.

கதவு இன்னும் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெஸி. அவன் என் பக்கத்தில் பெஞ்சில் இருக்கிறான். தங்கச்சிக்கு ஒரு வரி எழுதுகிறாயா என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினான். பேனாவை வாங்கித் தாளையே பார்த்திருந்துவிட்டு, நீங்கள் முதலில் முடியுங்கள் என்று திருப்பித் தந்தான். என் கையெழுத்துக்குக் கீழே அவனுக்கு இடம் விடுகிறேன்.

உன் அப்பா
இன்னாசிமுத்து

ஜெஸி, இருக்கேன்.